காலுக்குக் கை கொடுக்கும் ஸ்பிரிங்

1964 ஏப்ரல் 17ஆம் தேதி நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு நிறுவனம் அறிமுகப்படுத்திய மஸ்டாங் காரை இன்றளவும் பேணி வரும் ரசிகர்கள், அதன் எஞ்சினையும் வடிவழகையும் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்களேயன்றி, டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து மல்லாந்து படுத்தாலன்றிக் கண்ணுக்குப் புலப்படாத ஒரு தடித்த ஸ்பிரிங்கைப் பற்றி, அது கழன்று விழும் வரையில் நினைப்பதுகூட இல்லை.

அந்தக் காரில் கிளட்ச் பெடலின் மீது நாம் பிரயோகிக்கும் விசை, கம்பிகளும் நெம்புகோல்களும் வழியாகச் சென்று, கிளட்ச்சுத் தகட்டை இறுக்கிப் பிடித்திருக்கும் வலிய ஸ்பிரிங்குகளை எதிர்க்க வேண்டியிருப்பதால், காலின் சிரமத்தைக் குறைக்கவே இந்தத் துணை ஸ்பிரிங் அமைக்கப்பட்டது. இதன் ஒரு முனை அசையாத சட்டத்திலும் மறுமுனை பெடலின் மேற்புறத்திலும் கொக்கியிட்டு மாட்டப்பட்டிருக்கும். பெடல் மேலே நிற்கையில் ஸ்பிரிங் இழுக்கும் திசை, பெடலின் சுழல் அச்சுக்கு ஒரு பக்கமாக அமைந்து, பெடலை மேலேயே நிறுத்தி வைக்கிறது. சிறிது அழுத்தியதும் அத்திசை அச்சின் மையத்தைச் சரியாகக் கடக்கும் அந்தக் கணத்தில், ஸ்பிரிங் மிக அதிகமாக நீண்டிருந்தும், பெடலைத் திருப்பும் சக்தி அதற்கு இல்லாமற் போகிறது. அதையும் தாண்டினால், தடுத்து நின்ற அதே ஸ்பிரிங் காலோடு சேர்ந்து பெடலைக் கீழே இழுக்கத் தொடங்கிவிடுகிறது. வீட்டு மின்விளக்கின் பழைய ஸ்விட்ச், பாதி தூரம் தள்ளியதும் மீதி தூரத்தைத் தானே தாவிக் கடப்பதும் இதே தத்துவத்தால்தான்.

இந்தத் துணை ஸ்பிரிங்கை மாட்டுவதற்குப் பலத்தைவிட யுக்தியே வேண்டும். ஸ்பிரிங்கை இப்படியும் அப்படியும் வளைத்து, விரியும் சுற்றுகளுக்கிடையே வாஷர்களை ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே வந்தால், அது வேண்டிய அளவு நீண்டு நிற்கும். முனைகளுக்கிடையே தூரம் குறைவாயிருக்கும்படி பெடலை மேலே நிறுத்திக் கொக்கிகளை மாட்டிய பின், பெடலை மெல்ல அழுத்தினால் ஸ்பிரிங் மேலும் நீண்டு, வாஷர்கள் கலகலவென்று உதிர்ந்துவிடும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அவசியம்.

காருக்கு அடியில், கிளட்ச் கவையை இழுத்துப் பிடிக்கும் மெல்லிய ஸ்பிரிங் ஒன்றும் உண்டு. பெடலுக்குச் சுமார் ஓர் அங்குலம் வெற்றசைவு விட்டு, அந்த ஸ்பிரிங்கையும் ஒழுங்காக மாட்டாவிட்டால், கிளட்ச்சை விடுவிக்கும் பேரிங் ஓயாமல் உரசித் தேய்ந்துபோகும்.

பழைய கிளட்ச்சுக்குப் பதிலாக, தட்டு வடிவ ஒற்றை ஸ்பிரிங் கொண்ட டயாஃபிரம் கிளட்ச் பொருத்தியவர்கள் இன்னொன்றையும் கருத வேண்டும். அதன் எதிர்ப்பு ஒரு கட்டத்துக்குமேல் தானே தணிந்துவிடுவதால், துணை ஸ்பிரிங்கின் கை ஓங்கி, அழுத்திய பெடல் மேலே எழாமல் தரையோடு ஒட்டிக்கொள்ளக் கூடும். ஆகையால், புது ஸ்பிரிங்கை வாங்குவதற்கு முன், காரில் இருப்பது எந்த வகைக் கிளட்ச் என்று பார்த்துக்கொள்ளுங்கள். டயாஃபிரமாயிருந்தால், துணை ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்துவிடுவதே உத்தமம்.