தாத்தா பெட்டியில இருக்குற பழைய நோட்டு எவ்வளவுக்குப் போகும்?

இந்த வாரம் வந்த மெயில்கள்ல ஒண்ணு, காலேஜ் கடைசி வருஷம் படிக்கிற ஒரு லிஸனர்கிட்ட இருந்து. தாத்தாவோட டிரங்குப் பெட்டியில பழைய ஒரு ரூபாய் நோட்டு கிடைச்சிருக்கு. "5 லட்சம் தர்றோம், முதல்ல ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கட்டுங்க"ன்னு வாட்ஸ்ஆப்ல யாரோ சொல்றாங்களாம். செமஸ்டர் ஃபீஸுக்கு வச்ச காசை அனுப்பலாமான்னு கேட்டிருக்காங்க.

அனுப்பாதீங்க. ரிசர்வ் வங்கி பேரைச் சொல்லி இப்படிக் கட்டணம், கமிஷன் கேக்குறவங்களை நம்ப வேண்டாம்னு 2021 ஆகஸ்ட்லயே அந்த வங்கி எச்சரிச்சிருக்கு. விக்கிறது நீங்க. உங்ககிட்டயே காசு கேட்டா கதை அங்கேயே முடிஞ்சுது.

சரி, உண்மையான விலை எப்படித் தெரியும்? முதல்ல அது என்ன நோட்டுன்னு பாக்கணும். நம்ம ஒரு ரூபாய் நோட்டு 1917 நவம்பர் 30-ல வந்தது. முதல் உலகப் போர்ல வெள்ளிக்குத் தட்டுப்பாடு, அதனால காகிதம். ஐந்தாம் ஜார்ஜ் படம் போட்ட அந்த நோட்டும், 1980-கள்ல அச்சான நோட்டும் ஒரே "ஒரு ரூபாய்"தான். ஆனா விலையில மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். கையெழுத்தையும் பாருங்க. ஒரு ரூபாய் நோட்டுல மட்டும் ஆளுநர் இல்ல, நிதித்துறைச் செயலாளர் கையெழுத்து இருக்கும். மன்மோகன் சிங் ரெண்டு பதவியிலயும் இருந்தவர், அதனால ரெண்டு வகை நோட்டுலயும் அவர் கையெழுத்து உண்டு.

அடுத்து கிரேடிங். மேட்டரே இங்கதான். நாணயத்துக்கு இருந்த 70 புள்ளி அளவைத்தான் நோட்டுக்கும் எடுத்துக்கிட்டாங்க. 60-க்கு மேல இருந்தா புழக்கத்துக்கே போகாத நோட்டு, அன்சர்குலேட்டட். லேசா ஒரு மடிப்பு விழுந்திருந்தா 50-கள்ல நிக்கும். பல மடிப்பு, கொஞ்சம் அழுக்கு, ஆனா காகிதத்துல இன்னும் மொறுமொறுப்பு இருக்குன்னா 20-லேருந்து 35-க்குள்ள, 'வெரி ஃபைன்'. 'வெரி'யும் 'ஃபைனும்' சேர்ந்தா பிரமாதம்னு நினைப்போம். உண்மையில அது நடுத்தரம்தான்!

வீட்டுலயே செக் பண்ணலாம். லைட்டை அணைச்சுட்டு, போன் டார்ச்சை நோட்டுக்குப் பக்கவாட்டுல, கிட்டத்தட்ட படுக்க வச்சு அடிங்க. நேர்ல தெரியாத மடிப்பெல்லாம் நிழலாத் தெரியும். அப்புறம் நோட்டை வெளிச்சத்துக்கு எதிரா தூக்கிப் பிடிச்சா ஊசி ஓட்டை, ஒட்டின கிழிசல் மாட்டும். ஓட்டையைப் பாத்து பயந்துடாதீங்க. 2001-ல ரிசர்வ் வங்கி வேண்டாம்னு சொல்ற வரைக்கும் புது நோட்டுக் கட்டையே ஸ்டேபிள் பின் அடிச்சுத்தான் கொடுப்பாங்க. அதனால நம்ம ஊர் பழைய நோட்டுல அந்த ஓட்டை சகஜம்.

தயவுசெஞ்சு நோட்டைத் துவைக்காதீங்க, அயர்ன் பண்ணாதீங்க, லேமினேட் பண்ணவே பண்ணாதீங்க. அயர்ன் பண்ணா மடிப்பு மறையும், கூடவே அச்சுல இருக்குற மேடுபள்ளமும் போயிடும். தேர்ந்த கண்ணு உடனே கண்டுபிடிச்சிடும். அழுக்கா இருந்தாலும் தொடாத நோட்டுக்குத்தான் மதிப்பு. பிவிசி கவர் வேண்டாம், மைலார் கவர் வாங்கிக்கோங்க.

இதுல ஒரு ட்விஸ்ட். கிரேடு எல்லா நோட்டுக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது. தஞ்சைப் பெரிய கோயில் படம் போட்ட 1,000 ரூபாய் நோட்டு 1954-ல வந்து, 1978-ல செல்லாததாச்சு. அது கசங்கியிருந்தாலும் தேடி வாங்க ஆள் இருக்கு. 1980-கள் ஒரு ரூபாய் நோட்டு புத்தம்புதுசா இருந்தாலும் பெரிய தொகை வராது, ஏன்னா கட்டுக்கட்டா இன்னும் இருக்கு. 786 மாதிரி நம்பருக்குக் கூடுதல் காசு கொடுக்குறவங்க இருக்காங்க. ஆனா அது ரசனைக்குக் கொடுக்குற விலை, அதை நம்பி பட்ஜெட் போடாதீங்க.

விலை பாக்கும்போது விளம்பரத்துல கேக்குற தொகையை விட்டுடுங்க. ஏல நிறுவனங்களோட சைட்ல 'ரியலைஸ்டு பிரைஸ்'னு, நிஜமா வித்த தொகை இருக்கும். அதே நோட்டு, அதே கையெழுத்து, அதே கிரேடு மூணும் ஒத்துப்போற பதிவைத் தேடுங்க.

கடைசியா ஒண்ணு. 2016-ல செல்லாததான 500, 1,000 நோட்டு வீட்டுல கிடந்தா எண்ணிப் பாத்துடுங்க. 2017 சட்டப்படி மொத்தம் 10 நோட்டுக்கு மேல வச்சிருக்கக் கூடாது, சேகரிப்புக்கு, ஆராய்ச்சிக்குன்னாலும் 25 வரைக்கும்தான். அபராதம் 10,000 ரூபாய், இல்லன்னா முகமதிப்புல அஞ்சு மடங்கு. எது அதிகமோ அது.