ஜாக் தி ரிப்பர்: டிஎன்ஏ சோதனைக்குப் பிறகும் வழக்கு முடியாதது ஏன்?

‘ஜாக் தி ரிப்பர் யாரென்று தெரிந்துவிட்டது!’ சில வருடங்களுக்கு ஒருமுறை இப்படி ஒரு செய்தி வைரலாகும். 2014-ல் வந்தது. 2019-ல் மறுபடியும் வந்தது. இரண்டு முறையும் ஆதாரமாகக் காட்டப்பட்டது ஒரே ஒரு பழைய சால்வை. ஆனாலும், இது இன்றுவரை தீராத வழக்குதான். என்ன சிக்கல்?

என்ன நடந்தது?

1888, கிழக்கு லண்டனின் வைட்சேப்பல் பகுதி. ஆகஸ்ட் 31 முதல் நவம்பர் 9 வரை, பத்தே வாரங்களில் மேரி ஆன் நிக்கல்ஸ், ஆனி சாப்மேன், எலிசபெத் ஸ்ட்ரைட், கேத்தரின் எடோஸ், மேரி ஜேன் கெல்லி என ஐந்து பெண்கள் கொல்லப்பட்டார்கள். ஐந்தையும் செய்தது ஒரே ஆள் என்பது பொதுவான கருத்து. இதிலும் மாற்றுக்கருத்து உண்டு. ஸ்ட்ரைடின் உடல் மற்றவர்களுடையதைப் போல சிதைக்கப்படவில்லை. அதனால் அவரைக் கொன்றது வேறு ஆளாக இருக்கலாம் என்கிறார்கள் சிலர்.

பெயரே சந்தேகம்தான்

‘ஜாக் தி ரிப்பர்’ என்ற பெயர், 1888 செப்டம்பரில் ஒரு செய்தி நிறுவனத்துக்கு வந்த கடிதத்தில் இருந்த கையெழுத்து. சிவப்பு மையில் எழுதப்பட்டிருந்த அதை எழுதியது கொலையாளி அல்ல, ஒரு பத்திரிகையாளர்தான் என்று ஸ்காட்லாந்து யார்டு உயரதிகாரிகளே பின்னாளில் சொன்னார்கள்.

அழிக்கப்பட்ட சுவரெழுத்து

எடோஸ் கொல்லப்பட்ட இரவில், அவருடைய ஏப்ரனின் கிழிந்த துண்டு கௌல்ஸ்டன் தெருவில் கிடைத்தது. அதற்கு மேலே சுவரில், யூதர்களைக் குறிப்பிடுவதாகப் படிக்கப்பட்ட ஒரு வாசகம் சாக்பீஸில் எழுதப்பட்டிருந்தது. விடிந்து மக்கள் பார்த்தால் கலவரம் வெடிக்கும் என்று பயந்த கமிஷனர் சார்லஸ் வாரன், போட்டோ எடுப்பதற்குள் அதை அழிக்கச் சொல்லிவிட்டார். கொலையாளி எழுதியதா, முன்பே இருந்ததா? இனி சரிபார்க்க வழியே இல்லை.

போலீஸ் சந்தேகப்பட்டது யாரை?

1894-ல் மெல்வில் மெக்நாட்டன் என்ற அதிகாரி மூன்று பெயர்களைக் குறித்து வைத்தார்: ட்ரூயிட், கோஸ்மின்ஸ்கி, ஆஸ்ட்ராக். இவர் பணியில் சேர்ந்ததே கொலைகளுக்கு அடுத்த வருடம். ட்ரூயிட்டை டாக்டர் என்று எழுதினார். நிஜத்தில் அவர் வழக்கறிஞர், பள்ளி ஆசிரியர். ஆஸ்ட்ராக் அந்த நேரத்தில் பிரான்ஸில் சிறையில் இருந்தது பிறகு தெரியவந்தது.

சரி, அந்தச் சால்வை?

எடோஸின் உடல் அருகே கிடந்த சால்வையை ஒரு போலீஸ்காரர் வீட்டுக்கு எடுத்துப் போனார், அதுவே 2007-ல் ஏலத்துக்கு வந்தது என்பது கதை. அதிலிருந்த டிஎன்ஏ, எடோஸின் உறவினருடனும் ஆரோன் கோஸ்மின்ஸ்கியின் உறவினருடனும் பொருந்துவதாக 2019-ல் ஆய்வுக்கட்டுரை வெளியானது.

இங்கேதான் இரண்டு பெரிய ஓட்டைகள். எடோஸிடம் இருந்த பொருட்களை போலீஸ் ஒன்றுவிடாமல் பட்டியல் போட்டிருக்கிறது. அதில் சால்வையே இல்லை. அடுத்தது, சோதிக்கப்பட்டது தாய்வழியில் மட்டுமே கடத்தப்படும் மைட்டோகாண்ட்ரியல் டிஎன்ஏ. ஒரே வகை ஆயிரக்கணக்கானவர்களிடம் இருக்கலாம். ‘இவர் இல்லை’ என்று விலக்க அது உதவும். ‘இவரேதான்’ என்று கைகாட்ட அது போதாது. இதற்கு மேல், நூறு வருடங்களுக்கும் மேலாக அந்தத் துணி பல கைகள் மாறியிருக்கிறது.

இதனால் யாருக்கு என்ன?

கோஸ்மின்ஸ்கி, போலந்திலிருந்து பிழைக்க வந்த யூத முடிதிருத்துநர். 1891-ல் மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டு, 1919-ல் வேறொரு காப்பகத்தில் இறந்தார். அவர் மீது வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. ஆனால், தலைப்புச் செய்திகளில் அவருக்குத் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். கொல்லப்பட்ட ஐந்து பெண்களின் பெயரோ அதே செய்திகளில் பல நேரம் வருவதுகூட இல்லை.

அடுத்த முறை ‘மர்மம் விலகியது’ என்று லிங்க் வந்தால், ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இந்த ஆதாரம் சம்பவ இடத்தில்தான் கிடைத்தது என்பதற்கு அந்தக் காலத்துப் பதிவு ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால், லேப் எவ்வளவு நவீனமாக இருந்தாலும் பயனில்லை.