மஞ்சளும் கண் அழற்சியும்: சான்று கூறுவது என்ன?

கண் சிவந்து உறுத்தும்போது மஞ்சள் நீரில் நனைத்த துணியால் ஒற்றியெடுப்பது நம் நாட்டின் பல பகுதிகளில் நெடுங்காலமாக நிலவிவரும் கைவைத்தியமாகும். மஞ்சளுக்கு அழற்சியைத் தணிக்கும் ஆற்றல் உண்டு என்று கேட்டே நாம் வளர்ந்திருக்கிறோம். கண்ணைப் பொறுத்தவரை அந்நம்பிக்கைக்கு எவ்வளவு சான்று உள்ளது என்பதைக் காண்போம்.

இத்துறையில் பெரிதும் எடுத்துக்காட்டப்பெறும் ஆய்வு லக்னோவில் நிகழ்ந்து, 1999ஆம் ஆண்டு வெளியாயிற்று. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்க்குமின் என்னும் பொருள், நாட்பட்ட முன்புற யுவைட்டிஸ் நோயாளர் 32 பேருக்கு 12 வாரங்கள் உள்மருந்தாக அளிக்கப்பட்டது. கண்ணின் நிறத்திரையிலும் அதனை அடுத்த திசுக்களிலும் உண்டாகும் அழற்சியே இந்நோய். கவனியாது விட்டால் பார்வையைப் பறிக்க வல்லது. நாளொன்றுக்கு மூன்று வேளை, வேளைக்கு 375 மில்லிகிராம் தரப்பட்டது. குர்க்குமின் மட்டும் உட்கொண்ட 18 பேருக்கும் முன்னேற்றம் தென்பட்டது. காசநோய்க்கான தோல் சோதனையில் வலுவான எதிர்வினை காட்டிய ஏனைய 14 பேருக்குக் காசநோய் மருந்தும் சேர்த்து வழங்கப்பட்டது. அவர்களுள் 86 விழுக்காட்டினர் பயன்பெற்றனர். பக்கவிளைவு எதுவும் எவருக்கும் தோன்றவில்லை.

வரவுப் பக்கத்தை மட்டும் பார்த்துக் கணக்கை முடித்துவிடலாகாது. அடுத்த மூன்று ஆண்டுகளில் முதற்பிரிவினருள் 55 விழுக்காட்டினருக்கும் இரண்டாம் பிரிவினருள் 36 விழுக்காட்டினருக்கும் நோய் மீண்டது. இரு பிரிவுகளிலும் ஐவருள் ஒருவருக்கு மேற்பட்டோர் கண்ணில் நேர்ந்த சிக்கல்களால் பார்வையை இழந்தனர். மேலும், குர்க்குமின் உட்கொள்ளாத நோயாளரோடு ஒப்பிடும் ஏற்பாடு அவ்வாய்வில் இல்லை. எனவே, கிடைத்த பலனில் மருந்தின் பங்கு எவ்வளவு, தானாகத் தணிந்தது எவ்வளவு என்று பிரித்தறிய இயலாது. நம்பிக்கையூட்டும் தொடக்கம் எனலாமே தவிர, முடிந்த முடிவு எனல் பொருந்தாது.

சமையலறைக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். ஆய்வில் தரப்பட்ட நாளளவு 1,125 மில்லிகிராம். மஞ்சள் தூளில் குர்க்குமின் ஏறத்தாழ 3 விழுக்காடே என்று கொண்டால், அவ்வளவைப் பெற 37.5 கிராம் தூள் வேண்டும். உணவில் நாம் சேர்ப்பதோ ஓரிரு சிட்டிகை. உட்சென்ற குர்க்குமினிலும் சிறு பகுதியே இரத்தத்தில் கலக்கிறது.

அவ்வாறாயின் மஞ்சள் நீரால் கண் குணமானதாகப் பலர் கூறுவது எங்ஙனம்? 'மெட்ராஸ் ஐ' என்று நாம் அழைக்கும் வைரஸ் தொற்று பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தானே அடங்கிவிடும். அப்போது கையிலிருந்த மருந்துக்குப் பெருமை சேர்வது இயல்பே.

இடர் எழுவது வேறோர் இடத்தில். யுவைட்டிஸும் கருவிழிப் புண்ணும் தொடக்கத்தில் வெறும் சிவப்பாகவே தோன்றக்கூடும். வீட்டில் அரைத்த தூளும் கலக்கிய நீரும் கிருமி நீக்கப்பட்டவை அல்ல. புண்பட்ட கண்ணில் அவை புதிய தொற்றை ஏற்படுத்தலாம். அதனினும் பெரிய இழப்பு, மருத்துவரிடம் செல்லாது கழியும் நாள்கள்.

ஆகவே, சிவப்புடன் வலி, வெளிச்சத்தில் கூச்சம், பார்வை மங்கல் ஆகியவற்றுள் ஒன்றேனும் இருப்பின் அன்றே கண் மருத்துவரை நாடுவோம். கண்ணில் மஞ்சள் நீர் விடுவதைத் தவிர்ப்போம். குர்க்குமின் மாத்திரை உட்கொள்ள விழைவோர், குறிப்பாக இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உண்போரும் பித்தப்பைக் கல் உடையோரும், மருத்துவரின் ஒப்புதலைப் பெற்ற பின்னரே தொடங்குதல் நன்று. மஞ்சள் நம் உணவில் தொடரட்டும். கண்ணுக்கான மருந்தை மருத்துவர் தெரிவு செய்யட்டும்.