மைல்களும் கைமாற்றும்

புலம்பெயர்ந்த நம்மவர்க்குச் சீட்டும் கைமாற்றும் புதியவை அல்ல. ஈஸ்ட் ஹாமிலும் வெம்பிளியிலும் வங்கியின் தயவு கிட்டாத பலருக்கு உறவினரின் வாக்கே பிணையாக நின்றது. அந்தப் பழக்கத்தினால், விமான நிறுவனங்கள் வழங்கும் மைல்களையும் அவ்வாறே கைமாற்றலாம் என்ற எண்ணம் எளிதில் எழுகின்றது. "கொழும்புக்கு எனக்கொரு சீட்டு எடுத்துத் தாருங்கள், ரொறன்ரோவுக்கு உங்களுக்கு நான் எடுத்துத் தருகிறேன்" என்பது கேட்பதற்கு நியாயமான பேச்சே. ஆயினும் இக்கொடுக்கல் வாங்கலில் கண்ணுக்குப் புலப்படாத மூன்றாமவர் ஒருவர் உண்டு.

1981 இல் அமெரிக்கன் எயார்லைன்ஸ் இத்தகைய திட்டமொன்றைத் தொடங்கியது. பிரித்தானியாவில் 1988 இல் எயார் மைல்ஸ் வந்தது. 2011 இல் அதன் இடத்தை ஏவியோஸ் புள்ளிகள் பிடித்தன. ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் 2014 மே மாதம் வன்வேர்ல்ட் கூட்டமைப்பில் இணைந்ததால், ஹீத்ரோவிலிருந்து கொழும்புக்கும் அப்புள்ளிகள் பயன்படலாயின. 2021 முதல் செயின்ஸ்பரிஸ் கடையில் சேரும் நெக்டர் புள்ளிகளையும் ஏவியோஸாக மாற்றலாம். ஆக, ஒரு முறையேனும் விமானம் ஏறாதவரும் அரிசியும் பருப்பும் வாங்கியே பயணப் புள்ளி சேர்க்க முடிகின்றது.

நம்மவரின் துயரம் இங்கேதான் தொடங்குகின்றது. அகதி அந்தஸ்துப் பெற்றவருக்கு உள்துறை அமைச்சு வழங்கும் பயணப் பத்திரம், அவர் தப்பி வந்த நாட்டுக்குச் செல்லுபடியாகாது. தஞ்சக் கோரிக்கை முடிவாகாத நிலையில் நாட்டைவிட்டு வெளியேறுபவரின் கோரிக்கை கைவிடப்பட்டதாகவே கொள்ளப்படலாம். தாயின் இறுதிச்சடங்கிற்குத் தாம் போக இயலாதவர், போகக்கூடிய சகோதரியையாவது அனுப்பிவைக்க விரும்புவார். அதற்கு வழி உண்டு. பிரிட்டிஷ் எயார்வேஸ் திட்டத்தில் ஒருவர் தமது தனிக் கணக்கிலுள்ள புள்ளிகளைக் கொண்டு பிறர் பெயரில் சீட்டு எடுக்கலாம். ஏழு பேர் வரை குடும்பக் கணக்கொன்றில் சேர்ந்து புள்ளிகளை ஒன்றுதிரட்டவும் முடியும். ஆனால் அவ்வாறு சேர்ந்தபின் யாருக்குச் சீட்டு எடுக்கலாம் என்பதற்கு வரையறை உண்டு.

அன்பளிப்பாகக் கொடுப்பது வேறு. விற்பதும் பண்டமாற்றுச் செய்வதும் வேறு. பின்னையவற்றை விமான நிறுவனங்களின் விதிகள் பொதுவாகத் தடை செய்கின்றன. புள்ளிகள் நமது சொத்து அல்ல. நிறுவனத்தின் ஏட்டில் உள்ள சலுகை மட்டுமே. நோர்த்வெஸ்ட் எயார்லைன்ஸ் தமது உறுப்புரிமையை நீக்கியதை எதிர்த்துப் பயணி ஒருவர் தொடுத்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நிறுவனம் நன்னம்பிக்கையுடன் நடக்கவில்லை என்ற அவரது வாதத்தை 2014 இல் நீதியரசர்கள் ஒருமனதாக நிராகரித்தனர். சீட்டுப் பிடிப்பவர் ஏமாற்றினால் அவர் வீட்டு வாசலிலாவது போய் நிற்கலாம். முன்பின் அறியாத தரகரிடம் மைல் சீட்டு வாங்கியவர், அது இரத்தாகிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? செத்தவீட்டுக்குப் புறப்பட்டவர் ஹீத்ரோவில் திரும்பி நிற்க நேரிட்டால் அந்த இழப்பைப் பணத்தால் ஈடுசெய்ய முடியாது.

புள்ளிச் சீட்டு முற்றிலும் இலவசம் என்றும் எண்ணவேண்டாம். 1994 இல் அறிமுகமான விமானப் பயணியர் வரியும் ஏனைய கட்டணங்களும் காசாகவே செலுத்தப்படல் வேண்டும். சாதாரண வகுப்பில் செல்லும் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும் 2016 முதல் அவ்வரி இல்லை. முப்பத்தாறு மாதங்கள் எவ்வித அசைவுமின்றிக் கிடக்கும் ஏவியோஸ் காலாவதியாகும்.

ஆகவே, வீட்டிலுள்ளோர் யார் பெயரில் எவ்வளவு புள்ளி உள்ளதென்று இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஊரிலிருந்து நள்ளிரவில் தொலைபேசி ஒலிக்கும்போது தேடிக்கொண்டிருக்க நேரம் இராது.