பாய்லர் பிரஷர் கேஜுக்கு அடியில் சுருள் குழாய்... எதற்கு தெரியுமா?

சாயப்பட்டறையோ, அரிசி ஆலையோ... நீராவி பாய்லரின் பிரஷர் கேஜைக் கவனித்தால், அடியில் ஒரு சுற்று சுற்றிய குழாய் தெரியும். அழகுக்கு வைத்தது இல்லைங்க. பெயர் சைபன்.

10 பார் அழுத்தத்தில் நீராவியின் வெப்பம் சுமார் 184 டிகிரி செல்சியஸ். கேஜுக்குள் இருப்பதோ 'போர்டன் குழாய்' எனும் மெல்லிய உலோக வளைவு. அழுத்தம் ஏறினால் அது லேசாக நிமிரும், முள் நகரும். அவ்வளவு சூடு நேராகப் பட்டால் உலோகத்தின் விறைப்பு குறைந்து முள் தப்பாகக் காட்டும். பற்றவைத்த இடமே விட்டுப்போகலாம்.

இதைத் தடுப்பது வெறும் தண்ணீர்தான். சைபன் வளைவில் நீராவி குளிர்ந்து தண்ணீராகத் தேங்கும். அந்தத் தண்ணீர் அழுத்தத்தைக் கடத்தும், நீராவியை விடாது.

பலர் கோட்டை விடுவது இங்கேதான். புதிதாக மாட்டும்போது சைபன் காலியாக இருக்கும். தண்ணீர் நிரப்பாமல் வால்வைத் திறந்தால் முதல் அடி கேஜுக்கு!

இதைவிட மோசம், அடைப்பு. துருவும் படிவும் சைபனை அடைத்துவிட்டால், அழுத்தம் ஏறினாலும் முள் நின்ற இடத்திலேயே நிற்கும். விறகு பாய்லரில் ஆபரேட்டர் அதை நம்பி விறகு தள்ளிக்கொண்டே இருந்தால்? மிச்சமிருக்கும் காவல் சேஃப்டி வால்வுதான்.

அதனால்தான் கேஜுக்கு முன்னால் மூன்று வழி காக் வைக்கிறார்கள். கேஜை வெளிக்காற்றுக்குத் திறந்தால் முள் பூஜ்ஜியத்துக்கு வரணும். சைபனை ஊதிவிட்டால் அடைப்பு இருக்கிறதா என்பது தெரியும். ஆனால் உள்ளே இருந்த தண்ணீரும் போய்விடும். மறுபடி தேங்கும் வரை பொறுத்துத்தான் கேஜுக்கு வழி விடணும்.