சி.டி. டிரைவைக் கொன்ற சி.டி.!

ராஜபாளையம்,
கல்யாண வீடியோ சி.டி. இல்லாத பீரோ ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அபூர்வம். காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு எல்லாம் அதற்குள்தான் அடங்கிக் கிடக்கின்றன. ஆனால் போட்டுப் பார்க்க டிரைவ் இல்லை. புது லேப்டாப்பில் பெரும்பாலும் அது வருவதே இல்லை.

மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி எடுக்கிறார்கள். புது விண்டோஸ் அதில் ஓடாது. 'லினக்ஸ் இலவசம்தானே, அதைப் போடலாம்' என்று இறங்குகிறார்கள்.

"பார்த்துப் போடுங்க அண்ணாச்சி, டிரைவ் செத்துப் போயிரும்" என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள். ஒரு முறை அது நிஜமாகவே நடந்திருக்கிறது!

2003-ல் வந்த வினை

2003 அக்டோபர். பிரான்ஸ் நாட்டு மாண்ட்ரேக் நிறுவனம் தனது லினக்சின் 9.2 பதிப்பை வெளியிட்டது. கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு லினக்ஸ் சி.டி. இலவச இணைப்பாக வந்த காலம் அது.

ஆசையாக ஏற்றிய பலருக்கு அதிர்ச்சி. சி.டி. டிரைவைக் காணோம்! பெட்டியில் இருக்கிறது, கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. மறுபடி விண்டோஸ் போட்டும் பயனில்லை. டிரைவைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் அதே கதை.

விசாரித்துப் பார்த்தால், செத்தவை எல்லாம் தென்கொரியாவின் எல்.ஜி. நிறுவன டிரைவ்கள். அதிலும் சி.டி.யைப் படிக்க மட்டுமே தெரிந்தவை.

ரெண்டு விசில்!

நடந்தது இதுதான். டிரைவுக்குள் ஒரு சின்ன சிப் உண்டு. தட்டை எப்படிச் சுற்றுவது, எப்படிப் படிப்பது என்ற விவரம் அதில் எழுதியிருக்கும். அதன் பெயர் பர்ம்வேர். அது அழிந்தால் டிரைவ் வெறும் தகர டப்பா.

மாண்ட்ரேக் 9.2-ல் சி.டி.யில் எழுதுவதற்கான புது வசதி ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். எழுதி முடித்ததும், 'கையில் மிச்சமிருப்பதையும் தட்டில் இறக்கிவிடு' என்று டிரைவுக்கு ஒரு உத்தரவு போகும். எழுதத் தெரியாத டிரைவுக்கும் அதே உத்தரவு போனது.

'எனக்கு இது தெரியாது' என்று டிரைவ் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். பொது விதி அதுதான். ஆனால் எல்.ஜி. அந்த உத்தரவின் எண்ணை வேறு வேலைக்கு வைத்திருந்தது. என்ன வேலை? பர்ம்வேரை மாற்றும் வேலை!

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்சில் கண்டக்டர் ரெண்டு விசில் கொடுத்தால் என்ன அர்த்தம்? 'போகலாம் ரைட்.' ஒரு கம்பெனி மட்டும் 'ரெண்டு விசில் என்றால் என்ஜினைக் கழற்று' என்று டிரைவருக்குச் சொல்லி வைத்திருந்தால்? பஸ் நடுரோட்டில் நிற்கும். டிரைவ் அப்படித்தான் நின்றது.

யார் மேல் தப்பு?

கேட்காமல் உத்தரவு போட்டது லினக்ஸ் பக்கத்துப் பிசகு. ஆனாலும் பொது எண்ணைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிய எல்.ஜி. பக்கம்தான் தப்பு கூடுதல். மற்ற கம்பெனி டிரைவ்கள் அதே உத்தரவைத் தாங்கிக்கொண்டனவே!

மாண்ட்ரேக் எச்சரிக்கை வெளியிட்டு, திருத்திய பதிப்பைத் தந்தது. எல்.ஜி.யும் திருத்திய பர்ம்வேரை வெளியிட்டது. பிறகு மாண்ட்ரேக், 2005-ல் மாண்ட்ரிவா என்று பெயர் மாறி, 2015-ல் மூடுவிழாவும் கண்டது.

அதற்காக லினக்ஸ் என்றாலே பயப்பட வேண்டாம். 2011-ல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா லேப்டாப்பில் 'பாஸ்' லினக்சும் சேர்ந்துதானே வந்தது! நம் ஊர்ப் பிள்ளைகள் பழகியதுதான். இன்றைய லினக்சில் அந்தப் பழைய கோளாறு கிடையாது.

ஆனால் இதே ஜாதிக் கோளாறு வேறு இடத்தில் தலைகாட்டியது. 2017-ல் உபுண்டு 17.10 ஏற்றிய சில லெனோவா லேப்டாப்களில், கம்ப்யூட்டரை எழுப்பும் 'பயாஸ்' கெட்டது. டிசம்பரில் டவுன்லோடையே நிறுத்தி வைத்தார்கள்.

கடைக்காரர்கள் கவனிக்க

பழைய கம்ப்யூட்டர் சர்வீசுக்கு வந்தால், எதை ஏற்றுவதற்கும் முன்னால் சி.டி.யில் இருப்பதை பென் டிரைவில் எடுத்துக் கொடுத்துவிடுங்கள். லினக்ஸ் அப்புறம். 2003 வாக்கில் வந்த எல்.ஜி. டிரைவ் என்றால் பழைய மாண்ட்ரேக் 9.2 சி.டி.யை அதன் பக்கமே கொண்டுபோகக் கூடாது. பர்ம்வேர் மாற்றும்போது கரண்ட் போனாலும் இதே கதிதான். யு.பி.எஸ். இல்லாமல் கை வைக்காதீர்கள்.

டிரைவ் செத்தாலும் உள்ளே இருக்கும் தட்டுக்கு ஒன்றும் ஆகாது. பட்டனை அமுக்கியும் தட்டு வெளியே வரவில்லையா? கம்ப்யூட்டரை ஆப் செய்யுங்கள். முகப்பில் ஊசி நுழைகிற மாதிரி ஒரு துளை இருக்கும். ஜெம் கிளிப்பை நீட்டி அதில் விட்டு, மெதுவாக அழுத்தினால் போதும். கதவு லேசாகத் திறக்கும். கையால் இழுத்து, கல்யாண சி.டி.யை எடுத்துக்கொள்ளலாம்.