புகையான் நெல்லை வென்றது எப்படி?

பச்சைப் பசேலென்று நின்ற நெற்பயிர் சில நாட்களில் வட்ட வட்டமாகக் காய்ந்து, தீயில் கருகியது போல் ஆகிவிடுகிறது. தண்ணீர் குறையவில்லை, உரமும் குறையவில்லை. பயிரின் அடித்தண்டை விலக்கிப் பார்த்தால் காரணம் தெரியும். நெல்மணி அளவுகூட இல்லாத பழுப்பு நிறத் தத்துப்பூச்சிகள் அங்கே கூட்டங்கூட்டமாகச் சாற்றை உறிஞ்சிக் கொண்டிருக்கும். தமிழக விவசாயிகள் இதனைப் புகையான் என்பார்கள்.

இப்பூச்சியை எதிர்க்கும் ஆற்றல் சில நெல் ரகங்களுக்கு உண்டு. கோயம்புத்தூர் ரகமான கோ 22இல் ஒரு எதிர்ப்பு மரபணுவும், அம்பாசமுத்திரம் ரகமான ஏ.எஸ்.டி. 7இல் வேறொரு மரபணுவும் இருப்பது 1971இல் அறிவிக்கப்பட்டது. முதல் வகை மரபணுவைக் கொண்ட ஐ.ஆர். 26 ரகத்தை, பிலிப்பைன்ஸிலுள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கியது. அது 1973இல் விவசாயிகளிடம் வந்து சேர்ந்தது.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே அந்த ரகமும் கருகத் தொடங்கியது. 1976இல் இரண்டாவது வகை மரபணுவைக் கொண்ட ஐ.ஆர். 36 வெளியிடப்பட்டது. அது கூடுதல் காலம் தாக்குப் பிடித்தாலும், காலப்போக்கில் அதையும் தாக்கும் புகையான் தோன்றியது.

அப்படியானால் பூச்சி பாடம் கற்றுக் கொண்டதா? இல்லை. ஒரு பூச்சி தன் வாழ்நாளில் தன் மரபணுவை விருப்பம் போல் மாற்றிக் கொள்ள முடியாது. இலட்சக்கணக்கான பூச்சிகளில் ஒரு சிலவற்றுக்குப் பிறப்பிலேயே சிறு மரபணு வேறுபாடு இருக்கும். எதிர்ப்புள்ள பயிரில் மற்றவை பட்டினியால் மடிய, அந்தச் சில மட்டும் பிழைக்கும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஒரு தலைமுறை என்பதால், அவற்றின் சந்ததியே விரைவில் வயலை நிரப்பி விடுகிறது.

பயிரும் சும்மா இருப்பதில்லை. 2009இல் சீன விஞ்ஞானிகள் பிபிஎச் 14 என்னும் எதிர்ப்பு மரபணுவைப் பிரித்தெடுத்தனர். பூச்சியின் உமிழ்நீரிலுள்ள ஒரு புரதத்தை இம்மரபணு அடையாளம் கண்டு பயிரை எச்சரிக்கிறது என்பது 2023இல் தெளிவானது. எச்சரிக்கை கிடைத்ததும் பயிர் தன் சாற்றுக் குழாய்களை அடைத்துக் கொள்கிறது. பூச்சிக்கு உணவு கிடைப்பதில்லை.

மருந்தை அள்ளித் தெளித்தால் என்ன? புகையானைத் தின்னும் சிலந்திகளும் சேர்ந்தே மடிகின்றன. காவல் இல்லாத வயலில் புகையான் முன்னிலும் அதிகமாகப் பெருகும். இதனை உணர்ந்த இந்தோனேசிய அரசு, 1986இல் 57 வகைப் பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடை விதித்தது.

எங்கு பார்த்தாலும் ஒரே ரகம், ஒரே மரபணு என்றால், அதை வெல்லும் பூச்சிக்கு எல்லா வயலும் விருந்துதான். வெவ்வேறு எதிர்ப்பு மரபணுக்களை ஒரே ரகத்தில் இணைப்பதும், ரகங்களை மாற்றி மாற்றி நடுவதும், சிலந்திகளைக் காப்பதும் நல்ல வழிகள். பழைய நெல் விதைகளைப் பாதுகாப்பது அதைவிட முக்கியம். நாளைய புகையானை எதிர்க்கும் மரபணு அவற்றில் ஏதோ ஒன்றில் இருக்கக்கூடும். அந்த விதை அழிந்தால், அதனுள் இருக்கும் மரபணுவும் அழிந்து போகும்.